ஈரநிலமும் ஈட்டுப் பத்திரமும்

பர்மா என்ற சொல் தமிழ் வாசகர்களாகிய நம் மனத்தில் எழுப்பும் படங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, தேக்கு. காரைக்குடிப் பக்கத்து வீடொன்றின் முகப்பில் நின்று தூண்களைப் பார்த்து வியக்கும்போது, உடன் வருபவர்களில் யாராவது ஒருவர் 'பர்மாத் தேக்கு' என்று சொல்லாமல் இருப்பதில்லை. மற்றொன்று, நடை. 1942இல் ஜப்பானியப் படைக்கு அஞ்சி லட்சக்கணக்கானோர் காடும் மலையும் கடந்து இந்தியாவுக்கு நடந்தே வந்தார்கள். வெ. சாமிநாத சர்மா அந்த நடையைத் தம் கால்களால் அறிந்து எழுதிவைத்தார். 'பராசக்தி' படத்தில் சிதறிப்போகும் குடும்பமும் ரங்கூனில் வாழ்ந்த குடும்பம்தான். செல்வம் தேடிப் போனதும் அகதிகளாய்த் திரும்பியதும் நம் நினைவில் இருக்கின்றன. இரண்டிலும் நாம்தான் நாயகர்கள்.

நம் நினைவில் இல்லாத மூன்றாவது படம் ஒன்று உண்டு. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு தமிழரின் கடை. கடை என்றால் ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, சில கணக்கேடுகள், தரையில் விரித்த பாய். அதன் முன்னால் ஒரு பர்மிய விவசாயி தன் நிலப் பத்திரத்தை நீட்டி அமர்ந்திருக்கிறார். அவர் பணம் வாங்கிக்கொண்டு போகிறார். சில ஆண்டுகள் கழித்து அந்த நிலமே அவர் கையை விட்டுப் போகிறது. இந்த மூன்றாவது படத்தைப் பார்க்காமல் மற்ற இரண்டையும் முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது என்று நாம் கருதுகிறோம்.

இன்றைய பொருளியலாளர்கள் பல நாடுகளின் புள்ளிவிவரங்களை அருகருகே வைத்து ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். கடன் எளிதில் கிடைத்தால் ஏழை பணக்கார இடைவெளி குறையுமா, கூடுமா? இயற்கை வளம் மிகுந்த நாட்டில் அதற்கான விடை மாறுமா? இந்தக் கேள்விக்கு வரலாறே நடத்திக் காட்டியதுபோல ஒரு சோதனை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தென்கிழக்காசியாவின் மூன்று பெரிய கழிமுகங்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உலகச் சந்தைக்குத் திறக்கப்பட்டன. அவை பர்மாவின் ஐராவதி, சயாமின் சாவ் பிரயா, தென்வியட்நாமின் மேகாங். மூன்றிலும் ஒரே பயிர், நெல். விற்றதும் ஏறக்குறைய ஒரே சந்தைகளில். ஆனால் 1930களில் விலை விழுந்தபோது மூன்று நாட்டு உழவர்களுக்கும் நேர்ந்தது ஒன்றாக இல்லை. ஏன் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

*

1852இல் இரண்டாம் ஆங்கிலோ பர்மியப் போரின் முடிவில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. அதற்கு முன் பர்மிய மன்னர்கள் நெல்லை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை விதித்திருந்தார்கள். மழை குறைந்த வடபகுதிக்குச் சோறு போடுவது தெற்கு என்பதால் அந்தத் தடைக்குப் பொருள் இருந்தது. ஆங்கிலேயர் அதை நீக்கினார்கள். 1860களின் அமெரிக்க உள்நாட்டுப் போரால் கரோலினா அரிசி ஐரோப்பாவுக்கு வருவது தடைப்பட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ரங்கூன் அரிசிக்கு வழி பிறந்தது.

நிலமோ காடாகவும் சதுப்பாகவும் கிடந்தது. 1850களில் கீழ்ப் பர்மாவில் பயிர் செய்யப்பட்ட நெல் வயல் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930களில் அது எண்பது லட்சம் ஏக்கரைத் தாண்டியது. எண்பது ஆண்டுகளில் எட்டு மடங்கு. உலகில் மிக அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாகப் பர்மா ஆனது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ முப்பது லட்சம் டன் வெளியே போயிற்று.

இந்தக் காட்டை அழித்தவர்கள் பெருநிலக்காரர்கள் அல்லர். பெரும்பாலும் மேல் பர்மாவிலிருந்து குடும்பத்தோடு இறங்கி வந்த எளிய குடியானவர்கள். மரத்தை வெட்டி, வேரைத் தோண்டி, உப்புநீரைக் கரை கட்டித் தடுத்து, மலேரியாவில் பிள்ளைகளைப் பறிகொடுத்து, முதல் நல்ல விளைச்சலைக் காணச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை என்ன சாப்பிடுவது? மாடு எதைக் கொண்டு வாங்குவது? நடவுக்கும் அறுப்புக்கும் கூலி எங்கிருந்து வரும்? நிலம் இலவசம். ஆனால் நிலத்தை வயலாக்கும் காலம் இலவசமில்லை. அந்தக் காலத்தை வாங்கித் தந்தது கடன்.

ஆங்கில அரசு ஒரு சட்டத்தின் மூலம் அந்தக் கடனுக்குக் கதவு திறந்தது. 1876ஆம் ஆண்டின் கீழ்ப் பர்மா நிலச் சட்டப்படி, ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஒரு நிலத்தை அனுபவித்துத் தீர்வை கட்டி வந்தால் அது அவருக்குப் பரம்பரை உரிமையாகும். அதை விற்கலாம், ஈடாகவும் வைக்கலாம். சிறு நிலக்காரர்களின் நாடு ஒன்றை உருவாக்குவதே அரசின் நோக்கம் என்று சொல்லப்பட்டது. நோக்கத்தில் பொய் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் விற்கும் உரிமை என்பது இழக்கும் உரிமையும்தான் என்பது பிறகுதான் புரிந்தது.

*

இந்த இடத்தில்தான் நகரத்தார்கள் வருகிறார்கள். 'கொண்டுவிற்கப் போதல்' என்பது செட்டிநாட்டு வழக்கு. இலங்கை, மலேயா, பர்மா என்று கடல் கடந்து லேவாதேவி செய்யப் போவதைக் குறிக்கும் சொல் அது. தெனாசரிமிலும் ரங்கூனிலும் தொடங்கி, 1880களுக்குப் பின் ரயில் பாதையையும் ஆற்றுக் கப்பலையும் பின்தொடர்ந்து அவர்கள் கழிமுகத்தின் சிற்றூர்கள் வரை சென்றார்கள். 1929-30இல் பர்மாவின் வங்கித்தொழிலை ஆராய்ந்த மாகாண விசாரணைக் குழு, நகரத்தார் கடைகள் அங்கே 1,600க்கும் மேல் என்றும், அவர்கள் தொழிலில் போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் கணக்கிட்டது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விவசாயக் கடன். கீழ்ப் பர்மாவின் மக்கள் நெருங்கிய பகுதிகளில், ஒரு நாள் பயணத்துக்குள் செட்டியார் கடை இல்லாத விவசாயி அரிது.

இந்த அமைப்பு இயங்கிய விதம் வியப்புக்குரியது. முதலாளி செட்டிநாட்டிலேயே இருப்பார். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஏஜெண்டு கடல் கடந்து போவார். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். பணம் உண்டியல் மூலம் ஊர் விட்டு ஊர் பாயும். ஒரு கடையின் கையிருப்பு மற்றொரு கடையின் தேவைக்கு உதவும். ரங்கூன் மொகல் தெருவில், இன்று ஷ்வேபொன்தா என்று பெயர் மாறியுள்ள அத்தெருவில், நகரத்தார் மாதந்தோறும் கோயிலில் கூடித் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான நடப்பு வட்டியைத் தீர்மானிப்பார்கள். எழுதாத சட்டம், மீறாத வாக்கு. ஒரு மைய வங்கி செய்யும் வேலைகளில் சிலவற்றை முருகன் சன்னதியில் வைத்துச் செய்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கொடுமைக்கார வட்டிக்காரன் என்ற வார்ப்புப் படம் இக்கதைக்குப் பொருந்தாது. நல்ல நில ஈட்டின் மேல் நகரத்தார் வாங்கிய வட்டி பொதுவாக நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய் அளவில்தான் இருந்தது. ஈடில்லாத கடனுக்கு அதிகம். ஊரிலேயே இருந்த பர்மிய வட்டிக்காரர்கள், சீனக் கடைக்காரர்கள் ஆகியோர் கேட்டது பல சமயம் இதைவிட மிகக் கூடுதல். அவர்களில் பலர் நகரத்தாரிடம் வாங்கித்தான் மேல்வட்டிக்குக் கொடுத்தார்கள். விசாரணைக் குழுவும் நகரத்தாரின் நாணயத்தைப் பற்றி மதிப்போடுதான் எழுதியது. ஐரோப்பிய வங்கிகள் ரங்கூன் துறைமுகத்தை விட்டு நகரவில்லை. கழிமுகத்துச் சேற்றில் இறங்கிக் கடன் கொடுத்தவர்கள் இவர்களே. இவர்கள் இல்லாமல் எண்பது லட்சம் ஏக்கர் அந்த வேகத்தில் வயலாகியிருக்காது.

முதல் ஐம்பது ஆண்டுகளில் இந்தக் கடன் ஏற்றத்தாழ்வைக் குறைக்கவும் செய்தது. கூலிக்கு வந்தவர் சில ஆண்டில் குத்தகைக்காரர் ஆனார். குத்தகைக்காரர் காடு வெட்டிச் சொந்த நிலம் கண்டார். ஓரிடத்தில் நிலம் இழந்தவர் இன்னும் தெற்கே போய்ப் புதிதாகத் தொடங்கலாம். காடு மிச்சமிருக்கும் வரை கடன் ஒரு ஏணி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டுவதற்குக் காடு தீர்ந்துகொண்டே வந்தது. மக்கள் வருவது நிற்கவில்லை, குத்தகை ஏறிற்று, கடனும் வளர்ந்தது. இப்போது நிலம் இழந்தவருக்குப் போக இடமில்லை. வட்டி விகிதம் மாறவில்லை, கடன் கொடுத்தவரும் மாறவில்லை. ஆனால் கடனின் பொருள் மாறிவிட்டது. இதை அக்காலத்தில் கவனித்தவர்கள் மிகச் சிலரே.

அரசாங்கத்தில் கவனித்தவர்கள் இருந்தார்கள். பஞ்சாபில் 1900இல், விவசாய வகுப்பாரின் நிலம் மற்றவர் கைக்குப் போவதைத் தடுத்துச் சட்டம் வந்தது. பர்மாவுக்கும் அத்தகைய வரைவுகள் எழுதப்பட்டன, கைவிடப்பட்டன. நிலத்தை ஈடாக எடுக்க முடியாதென்றால் செட்டியார் பணம் வராது, பணம் வராவிட்டால் நெல் வராது, நெல் வராவிட்டால் தீர்வையும் ஏற்றுமதியும் என்னாவது என்ற அச்சம் வென்றது.

*

1920களின் பிற்பகுதியிலேயே நெல் விலை சரியத் தொடங்கியிருந்தது. 1930இன் இறுதியில் அது விழுந்தது. 1931இன் தொடக்கத்தில், சில ஆண்டுகளுக்கு முன் இருந்த விலையில் பாதிகூட இல்லை. பெரிய ஐரோப்பிய ஆலை நிறுவனங்கள் நான்கு 1920களிலிருந்தே கூட்டுச் சேர்ந்து கொள்முதல் விலையை அடக்கி வைத்திருந்ததால், விவசாயிக்குப் பேரம் பேசவும் வழியில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு கூடை நெல் 160 ரூபாய்க்குப் போன நாளில் ஒருவர் 800 ரூபாய் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனத்தில் அது 500 கூடை நெல். விலை 80 ரூபாய் ஆனதும் அதே 800 ரூபாய் 1,000 கூடையாகிவிடுகிறது. அவர் ஒரு காசும் கூடுதலாக வாங்கவில்லை. வயல் விளைச்சலும் குறையவில்லை. கடன் மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது. கடன் ரூபாயில் எழுதப்படுகிறது, கட்டுவதோ நெல்லில். ரூபாய் அசையாது, நெல் அசைந்துகொண்டே இருக்கும். இயற்கை வளத்தை நம்பி வாங்கும் எந்தக் கடனிலும் இந்தப் பொறி உண்டு. தீர்வையும் இப்படியே. கீழ்ப் பர்மாவில் தலைவரியாக மணமானவர் ஐந்து ரூபாயும் மணமாகாத ஆண் இரண்டரை ரூபாயும் கட்ட வேண்டும். நெல் விலை பாதியானதால் தலைவரி பாதியாகவில்லை.

1930 டிசம்பரில் தராவடி மாவட்டத்தில் சாயா சான் என்பவரின் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. அவர் நாட்டு வைத்தியர், முன்னாள் துறவி. வரி எதிர்ப்பில் தொடங்கிய அது பல மாவட்டங்களுக்குப் பரவியது. நகரத்தார் கடைகளும் கணக்கேடுகளும் தாக்கப்பட்டன. 1931 நவம்பரில் சாயா சான் தூக்கிலிடப்பட்டார்.

கணக்கேட்டில் நடந்ததோ ஓசையில்லாத ஒன்று. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தாருக்குச் சொந்தமான நிலம் சுமார் 5.7 லட்சம் ஏக்கர், மொத்தத்தில் ஆறு சதவீதம். 1937இல் அது 24 லட்சம் ஏக்கருக்கு மேல், அதாவது இருபத்தைந்து சதவீதம். ஏழே ஆண்டுகள். பயிர் செய்யாத பிறர், பர்மியப் பணக்காரர்கள் உட்பட, வைத்திருந்ததையும் சேர்த்தால் அந்த மாவட்டங்களின் நிலத்தில் பாதி உழுபவர் கையை விட்டுப் போயிருந்தது. நேற்றைய நிலக்காரர் அதே வயலில் ஆண்டுக்கு ஆண்டு மாற்றப்படக்கூடிய குத்தகைக்காரர் ஆனார்.

நகரத்தார் இந்த நிலத்தை விரும்பி எடுத்தார்களா? சான்றுகள் இல்லை என்றே சொல்கின்றன. லேவாதேவிக்காரருக்கு வேண்டியது சுழலும் பணம். விலை விழுந்த நிலம் சுழலாது. அவர்கள் தொழிலில் போட்ட பணத்தில் ஒரு பகுதி, ஊரில் உறவினரும் கைம்பெண்களும் கோயில்களும் நம்பிக் கொடுத்த வைப்பு. மற்றொரு சிறு பகுதி ஐரோப்பிய வங்கிகளிடம் பெற்றது. நெருக்கடி வந்ததும் வங்கிகள் கையை மூடின, வைப்புக்காரர்கள் பணம் கேட்டார்கள். செட்டியார் விவசாயியிடம் கேட்டார். விவசாயியிடம் நிலம் தவிர வேறில்லை. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியும் மற்றொன்றின் அழிவை விரும்பவில்லை. ஆனாலும் இருபது லட்சம் ஏக்கர் கை மாறிற்று. தீயவன் ஒருவனைக் கண்டுபிடித்து ஆறுதலடைய இக்கதை நம்மை விடுவதில்லை. அதனாலேயே இதை நாம் திரும்பத் திரும்ப எண்ண வேண்டியிருக்கிறது.

*

இனி சயாமுக்குப் போவோம். 1855இல் பிரிட்டனுடன் செய்த பௌரிங் உடன்படிக்கைக்குப் பின் சயாமும் அரிசியை உலகுக்கு விற்கத் தொடங்கியது. சாவ் பிரயாக் கழிமுகத்திலும் கால்வாய்கள் வெட்டப்பட்டன, காடு வயலாயிற்று. அடிமை முறையும் கட்டாய உழைப்பும் படிப்படியாக ஒழிக்கப்பட்டு, 1905இல் அடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. விடுதலை பெற்றவர்கள் நிலம் தேடிப் போனார்கள். இதுவரை பர்மாவைப் போலத்தான்.

வேறுபாடு கடனில் இருந்தது. சயாம் காலனியாகவில்லை. ஆனால் காலனியாகிவிடும் அச்சத்திலேயே வாழ்ந்தது. அங்கே பிரிட்டிஷ், பிரெஞ்சுக் குடிகள் சயாமிய நீதிமன்றங்களுக்குக் கட்டுப்படாதவர்கள். அப்படிப்பட்டவர் கையில் உள்நாட்டு நிலம் போனால் அந்த அளவுக்கு நாடே போனதுபோல. எனவே அவர்கள் பாங்காக்கிலிருந்து இருபத்து நான்கு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் நிலம் வாங்க உடன்படிக்கையே இடம் தரவில்லை. ஆகவே பெரும் வெளிநாட்டு மூலதனம் நிலத்தை ஈடாகக் கொண்டு உட்புறம் பாயவில்லை. விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சீன வணிகர்களும் கடைக்காரர்களும். அவர்கள் கண் நிலத்தின் மேல் அல்ல, விளைச்சலின் மேல் இருந்தது. அறுவடை நெல்லைக் குறைந்த விலைக்குப் பெறுவதே அவர்கள் ஆதாயம்.

இதனால் சயாமிய உழவர் சுகமாக வாழ்ந்தார் என்று பொருளில்லை. பாங்காக்குக்கு வடக்கே ரங்சித் பகுதியில், அரச குடும்பத்தாருக்கும் பிரபுக்களுக்கும் நெருக்கமான கால்வாய் நிறுவனம் திறந்துவிட்ட நிலங்களில் குத்தகை முறையே மேலோங்கியது. 1930-31இல் கார்ல் ஸிம்மர்மன் நடத்திய கிராம ஆய்வு, மத்தியச் சமவெளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான குடும்பங்களுக்கு நிலமில்லை என்று கண்டது. எனினும் விலை வீழ்ச்சி அங்கே பர்மாவில் போன்ற பெரும் நில மாற்றத்தைக் கொண்டுவரவில்லை.

அதற்கும் ஒரு விலை கொடுக்கப்பட்டது. 1903இல் டச்சுப் பொறியாளர் வான் டெர் ஹைடெ, சாவ் பிரயாவின் குறுக்கே அணை கட்டிச் சமவெளி முழுவதும் பாசனம் தரும் திட்டம் ஒன்றைத் தீட்டினார். கடனுக்கு அஞ்சிய, ரயில் பாதையும் படையுமே முதன்மை என்று எண்ணிய அரசு அதை ஒதுக்கிவைத்தது. அந்த அணை கட்டி முடிக்கப்பட்டது 1957இல்தான். அரை நூற்றாண்டுக் காலம் உழவர் வானத்தைப் பார்த்திருந்தார்கள். கடன் குறைந்த நாட்டில் ஏற்றத்தாழ்வு மெதுவாக வளர்ந்தது. வளமும் மெதுவாகத்தான் வளர்ந்தது.

*

மூன்றாவது கழிமுகம் மேகாங். கொச்சின்சைனா என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த தென்வியட்நாம் 1860களில் அவர்கள் வசமாயிற்று. அவர்கள் இயந்திரங்களைக் கொண்டு கால்வாய் தோண்டினார்கள். வடிந்து எழுந்த நிலத்தைப் பெரிய பெரிய துண்டுகளாக ஏலத்திலும் மானியத்திலும் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்களும், அவர்களோடு ஒத்துழைத்த வியட்நாமியப் பணக்காரர்களும். முன்பே அங்கே காடு வெட்டிப் பயிர் செய்துகொண்டிருந்தவர்களில் பலருக்குப் பதிவு அலுவலகம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு நாள் பத்திரத்தோடு ஒருவர் வந்து, 'இது என் நிலம், நீ என் குத்தகைக்காரன்' என்றார். 1930ஐ ஒட்டிய கணக்குப்படி அங்கே நில உடைமையாளர்களில் இரண்டரை சதவீதத்தினர் கையில் நெல் நிலத்தின் நாற்பத்தைந்து சதவீதம் இருந்தது.

ஆக பர்மாவில் கடனின் முடிவாக வந்த ஏற்றத்தாழ்வு, மேகாங்கில் தொடக்கத்திலேயே இருந்தது. கடனும் அந்தப் படிக்கட்டிலேயே இறங்கியது. பெருநிலக்காரர், பிரெஞ்சு வங்கிகளோடு பிணைந்த நில அடமான நிறுவனத்திடமும் சைகோன் நகரத்தாரிடமும் குறைந்த வட்டிக்கு வாங்கினார். அதையே குத்தகைக்காரருக்கு நெல்லாகவும் பணமாகவும் பன்மடங்கு வட்டிக்குக் கொடுத்தார். நகரத்தார் சைகோனில் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் நிற்கிறது. கடன் ஈட்டைத் தேடித்தான் போகும். ஈடு யாரிடம் இருக்கிறதோ அவரையே அது இன்னும் பெரியவராக்கும்.

விலை விழுந்தபோது இங்கே நடந்தது கவனிக்கத்தக்கது. பெருநிலக்காரர்கள் கடன் கட்ட முடியாமல் தவித்தார்கள். பிரெஞ்சு அரசு நீண்டகாலக் கடன் கொடுத்து அவர்களைத் தாங்கிப் பிடித்தது. குத்தகைக்காரரைத் தாங்கிப் பிடிக்க எவரும் இல்லை. 1930-31இல் கொச்சின்சைனாவிலும் வட நடுப்பகுதியின் ங்கே ஆன், ஹா தின் மாகாணங்களிலும் உழவர் எழுச்சிகள் நடந்தன, ஒடுக்கப்பட்டன. அந்த வடு ஆறவில்லை. பிறகு நடந்த நீண்ட போர்களில் கிராமம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதில் நிலக் கேள்விக்குப் பெரும் பங்கு உண்டு. 'உழுபவருக்கே நிலம்' என்ற சட்டத்தைத் தென்வியட்நாம் அரசு கொண்டுவந்தது 1970இல். மிகவும் தாமதம்.

*

மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது நமக்குப் புலப்படுவது இதுதான். கடன் ஏற்றத்தாழ்வைக் கூட்டுமா குறைக்குமா என்ற கேள்விக்கு, அப்படியே பதில் கிடையாது. ஈடு வைக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்று முதலில் கேட்க வேண்டும். சயாமில் ஈடே பெரிதாகக் கைமாறவில்லை, மேகாங்கில் மேலே இருந்த சிலரிடம் மட்டுமே ஈடு இருந்தது, பர்மாவில் எல்லாரிடமும் இருந்தது. எல்லாரிடமும் இருந்ததாலேயே எல்லாரும் கடன் பெற்றார்கள், பிறகு எல்லாரும் சேர்ந்தே இழந்தார்கள். மிக ஜனநாயகமான கடன்தான் மிகப் பெரிய நில இழப்பில் முடிந்தது என்பது கசப்பான முரண்.

அடுத்துக் கேட்க வேண்டியது, விலை விழும் நாளில் இழப்பு யார் தலையில் விழுமாறு ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தது என்பது. வளம் ஏறும் காலத்தில் எல்லா ஒப்பந்தமும் நியாயமாகவே தோன்றும். இறங்கும் காலம்தான் அவற்றைப் படித்துக் காட்டுகிறது. இது நூறாண்டுக்கு முந்தைய கதை மட்டுமல்ல. ஆப்பிரிக்காவின் சாட் நாடு 2014இல், இனி எடுக்கப்போகும் எண்ணெயை ஈடாக வைத்து கிளென்கோர் என்ற வணிக நிறுவனத்திடம் நூறு கோடி டாலருக்கு மேல் கடன் பெற்றது. அதே ஆண்டில் எண்ணெய் விலை பாதியாகச் சரியத் தொடங்கியது. கடன் 2015, 2018, 2022 என மூன்று முறை திருத்தி எழுதப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் எண்ணெய் வருவாயின் பெரும் பகுதி கடனுக்கே போயிற்று, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் சுருங்கியது. ஐராவதி விவசாயிக்கு அந்தக் கணக்கை விளக்கத் தேவையே இருந்திருக்காது.

கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் சந்தையில் அன்றி வேறெங்கேனும் சந்தித்தார்களா என்பதும் முக்கியம். பர்மாவில் நீண்டகாலம் பணியாற்றிய ஃபர்னிவால், காலனிச் சமூகத்தில் பல இனத்தவர் கலந்து வாழ்ந்தும் ஒன்றாக இணையவில்லை என்றும், அவர்கள் கூடும் இடம் சந்தை ஒன்றே என்றும் விளக்கினார். நகரத்தார் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பினார்கள், லாபமும் ஊர் திரும்பியது. அந்தப் பணத்தில் செட்டிநாட்டில் வீடும் கோயிலும் பள்ளியும் எழுந்தன, நல்ல காரியங்கள் பல நடந்தன. ஐராவதிக் கரையில் அது தங்கவில்லை. அதனால் நெருக்கடி வந்த நாளில் கடன் பிரச்சினை இனப் பிரச்சினையாக மாறிற்று. 1938இல் ரங்கூனில் கலவரம் மூண்டது. மதத்தை இழிவுபடுத்தியதாகச் சொல்லப்பட்ட ஒரு நூல் உடனடிக் காரணம். அதை ஆராய்ந்த விசாரணைக் குழு நிலம் கைமாறியதையும் ஆழ்ந்த காரணங்களுள் ஒன்றாகச் சொன்னது. கொல்லப்பட்டவர்களில் பலர் ஒரு ஏக்கர் நிலமும் இல்லாத ஏழை இந்தியர்கள். கடனைக் கொடுத்தவர் ஒருவர், அதன் விலையைக் கொடுத்தவர் வேறொருவர்.

*

நில மாற்றத்தைத் தடுக்கும் சட்டம் ஒருவழியாகப் பர்மாவில் 1941இல் வந்தது. அந்த டிசம்பரிலேயே ரங்கூன்மேல் குண்டு விழுந்தது. மிச்சத்தை நாம் அறிவோம். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் இயற்றியது. நகரத்தார் எதிர்பார்த்த இழப்பீடு பெரும்பாலும் கைக்கு வரவில்லை. 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். சென்னையின் பர்மா பஜாரும் தமிழ்நாட்டு ஊர்களில் உள்ள பர்மா காலனிகளும் அந்த வருகையின் அடையாளங்கள்.

வட்டிக்காரர் போனபின் பர்மிய உழவர் செழித்தாரா? அதுவும் இல்லை. நிலம் அரசுக்கு, உழுவது மட்டும் அவருக்கு. அரசு சொன்ன பயிரை அரசு வைத்த விலைக்குத் தர வேண்டும். அரசு வங்கி கொடுத்த கடன் போதவில்லை. ஈடு வைக்க நிலமில்லாதவர் மீண்டும் ஊர் வட்டிக்காரரிடமே போனார், செட்டியார் கேட்டதைவிட அதிக வட்டிக்கு. போருக்கு முந்தைய ஏற்றுமதி அளவை அந்நாடு அரை நூற்றாண்டுக்கும் மேலாக எட்டவில்லை. ஏற்றத்தாழ்வின் ஒரு வடிவத்தை ஒழித்ததற்காக வறுமை குறைந்துவிடவில்லை. 2012இல் வந்த விளைநிலச் சட்டம், நிலப் பயன்பாட்டு உரிமையை விற்கவும் ஈடு வைக்கவும் மறுபடி இடம் தந்தது. 1876இல் திறந்த கதவு மீண்டும் திறந்தது எனலாம். 2021இல் ராணுவம் மறுபடி ஆட்சியைக் கைப்பற்றி நாடு உள்நாட்டுப் போரில் மூழ்கியதால், அந்தக் கதவு வழியே யார் போவார் யார் வருவார் என்பது இன்று எவருக்கும் தெரியாது.

நாம் தொடங்கிய இடத்துக்குத் திரும்புவோம். செட்டிநாட்டுத் தூணின் முன் நிற்கும்போது நாம் வியப்பதில் தவறில்லை. அந்த வீட்டின் பேரப்பிள்ளைகள் வெட்கப்பட வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. அவர்களின் முன்னோர் உழைத்தார்கள், வாக்குத் தவறவில்லை, கடைசியில் எல்லாவற்றையும் இழந்தார்கள். ஆனால் அவர்கள் இழந்த இருபத்து நான்கு லட்சம் ஏக்கரும் அவர்களுக்கு முன் வேறொருவர் இழந்தது. பேரேட்டில் பற்று, வரவு என்று இரண்டு பக்கம் வைத்து எழுதியவர்கள் அவர்கள். நம் பர்மா நினைவுகளிலும் இரண்டு பக்கத்தையும் எழுதினால்தான் கணக்கு நேராகும்.